அம்மாக்கண்ணு அழுத படம்

சுபானு வருஷம், கார்த்திகை மாதம்
ரிங்லெட்

அத்தான் அவர்களுக்கு ருக்குமணி வணங்கி எழுதுவது.

நானும் குழந்தையும் சுகமாக இருக்கிறோம். குழந்தை என்று படித்ததும் எழுந்து உட்கார்ந்திருப்பீர்கள். புரட்டாசியில் உங்களுக்குப் பெண் பிறந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. தங்கம்மா அக்கா லயத்து வீட்டிலேயே பிரசவம் பார்த்தார். செல்லம் என்று கூப்பிடுகிறோம். மூக்கு அப்படியே உங்களுடையது. ஜப்பான்காரர்கள் உங்களைச் சயாமுக்குக் கொண்டுபோன பிறகு இரண்டு பேரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லியனுப்பினேன். எதுவும் வந்து சேர்ந்ததா தெரியாததால் மறுபடியும் எழுதுகிறேன்.

இதைக் கொண்டுவருகிறவர் நம் கடைக்கார மூசா நானாவின் மச்சான் நசுருதீன். கருவாடும் உப்பும் ஏற்றிக்கொண்டு சயாம் எல்லை வரை போகிறார். அங்கிருந்து ரயில் ரோடு போடும் இடத்துக்குப் போகிற ஆளாகப் பார்த்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். உறைமேல் உங்கள் பெயரை மூசா நானாதான் எழுதப்போகிறார். "புருசன் பேரை எழுதுனா பேனா ஒடஞ்சிடுமா தங்கச்சி?" என்று கடையில் எல்லோர் முன்னாலும் கேலி செய்தார். உடையாது என்று எனக்கும் தெரியும். கைதான் வரவில்லை.

தோட்டத்தில் பாதித் தேயிலை கொழுந்து பறிப்பாரற்று மரமாக வளர்ந்துவிட்டது. அந்தச் சரிவை வெட்டிச் சாய்த்து மரவள்ளி நட்டிருக்கிறோம். காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கு, ராத்திரிக்கு மாறுதலாக அதன் இலை. டிஸ்பென்சரியை அடைத்துவிட்டார்கள். காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினா தீர்ந்து போயிற்று. யாருக்காவது காயம் என்றால் நீங்கள் சொல்லித் தந்தபடி உப்புத் தண்ணீரில் கழுவிக் கட்டிவிடுகிறேன். மருந்து கட்டுகிற டிரசர் நீங்கள் இங்கே இல்லாவிட்டாலும் எல்லோரும் என்னை இன்னும் டிரசரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இனி உங்களுக்கு ஒரு அதிசயம் சொல்கிறேன். போன மாதம் நம் தோட்டத்தில் சினிமாப் படம் பிடித்தார்கள்.

லாரிகளில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியபோது நாங்கள் பயந்துதான் போனோம். மறுபடியும் ஆள் பிடிக்க வந்துவிட்டார்கள் என்று ஆண்கள் காட்டுக்கு ஓடினார்கள். சிங்கப்பூரிலிருந்து மொழிபெயர்க்க வந்திருந்த சின்னையா என்பவர்தான் லயத்துக்கு நடுவில் நின்று, "ஆள் பிடிக்க இல்ல, படம் பிடிக்க. சோறு போடுவாங்க" என்று கத்தினார். படம் என்றதற்கு ஒருவரும் வெளியே வரவில்லை. சோறு என்றதும் காடே இறங்கி வந்தது.

கதை பர்மாவில் நடக்கிறதாம். நம் பாட்டன் காலத்தில் வெள்ளைக்காரன் அந்த நாட்டின் மேல் படையெடுத்துப்போய் ராஜாவைப் பிடித்த சண்டை. வெள்ளைக்காரன் எவ்வளவு கொடியவன் என்று ஊர் உலகத்துக்குக் காட்டுவதற்காக ஜப்பான்காரர்கள் எடுக்கிறார்கள். பர்மாவில் இப்போது குண்டு விழுவதால் அங்கே போக முடியாதாம். நம் மலையும் பனியும் அந்த ஊர்போலவே இருக்கிறதாம். வெள்ளைக்காரனுக்காக அந்தச் சண்டைக்குப் போன சிப்பாய்களில் மதராஸ் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் என்று சின்னையா சொன்னார். அதனால் நம் ஆண்களுக்குச் சிவப்புக் கோட்டு மாட்டிச் சிப்பாய் ஆக்கினார்கள். பெண்களுக்குப் பூப்போட்ட கைலி கட்டிப் பர்மாக்காரிகள் ஆக்கினார்கள். ஆக, வீட்டை எரிக்கிறவர்களும் நாங்கள், வீடு எரிகிறவர்களும் நாங்கள்.

வெள்ளைக்காரத் தளபதிக்கு ஆள் இல்லை. இருந்த துரைமார்களையெல்லாம் இவர்களே சிறையில் போட்டுவிட்டார்களே. ஒரு ஜப்பான்காரருக்கே முகத்தில் மாவு பூசி, மெழுகு வைத்து மூக்கை நீட்டிவிட்டார்கள். மத்தியான வெயிலில் மூக்கு உருகி மீசைமேல் இறங்கும்போது சிரிக்காமல் இருக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

படம் எடுப்பவரை நாங்கள் படத்துரை என்று கூப்பிட்டோம். ஒல்லியான மனிதர், கண்ணாடி போட்டவர், ஓயாத இருமல். அதட்ட மாட்டார். ஆனால் அவருக்கு மேலே ஒரு ராணுவ அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொன்றையும் அவரிடம் கேட்டுத்தான் செய்தார்கள்.

சமையல் மூசா நானாவின் பொறுப்பு. அரிசிச் சோறு, அத்தான்! மேலே கொஞ்சம் பருப்பு, ஒரு துண்டு கருவாடு. முதல் நாள் ஒருவர் இலையிலும் ஒரு பருக்கை மிஞ்சவில்லை. எனக்கு அன்று சாயங்காலமே பால் ஊறிவிட்டது. செல்லம் குடித்துவிட்டு, வாயோரம் பால் வழிய, என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த ஒரு சிரிப்புக்காகவே நான் பர்மாக்காரியாக நிற்கத் தயார் என்று நினைத்துக்கொண்டேன். படத்துரையும் குழந்தையோடு என்னை நிற்கச் சொன்னார். வீடுகளை எரித்த அன்று நெருப்புக்கு எட்ட விலகி, காற்றுக்கு மேல்பக்கம்தான் நின்றேன். பயப்படாதீர்கள்.

நம் லயத்து இருளப்பனுக்குச் சாகிற சிப்பாய் வேஷம். ஈட்டி பட்டுச் சரிவில் உருண்டு விழ வேண்டும். ஒழுங்காக விழவில்லை என்று திரும்பத் திரும்ப விழச் சொன்னார்கள். "இன்னிக்கு எத்தனையோ தடவ செத்துட்டேன் டிரசரம்மா. ஆனா வயிறு நெறஞ்சிருக்குலா" என்று சொல்லிக்கொண்டே என்னிடம் முழங்கைக்குக் கட்டுப்போட வந்தான்.

ஓடையோரம் அத்தாப்பு ஓலையில் ஒரு கிராமமே கட்டினார்கள். புது ஓலை, புது மூங்கில். நம் லயத்துக் கூரை ஒழுகுகிற ஒழுக்கில், அந்த வீடுகளைப் பார்த்து ஏங்காத ஆள் இல்லை. எரிக்காமல் எங்களுக்குக் கொடுத்துவிடக் கூடாதா என்று தங்கம்மா அக்கா சின்னையாவிடம் கேட்டே விட்டார். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "எரிக்கத்தான் கட்டுனது அக்கா. ஒரு தடவதான் எரிக்க முடியும். அன்னிக்கு யாரும் தப்புப் பண்ணிடாதீங்க."

அந்த நாளைப் பற்றித்தான் இவ்வளவு தூரம் எழுதி வந்தேன்.

நம் பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு அக்காவும் பர்மாக்காரியாக எங்களோடு நின்றார். அவர் வீட்டுக்காரர் மாடசாமி அண்ணன் இறந்த செய்தி வந்த நாள் உங்களுக்கு மறந்திருக்காது. வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குப் பதுங்கு குழி வெட்டுவதற்கென்று தோட்டத்துத் துரை லாரியில் ஏற்றிவிட்ட ஆட்களில் அவரும் ஒருவர். சிலிம் ரோட்டில் குண்டு விழுந்து, அங்கேயே யாரோ மண் தள்ளி மூடிவிட்டார்கள் என்று, தப்பி வந்த ஆள் காட்டுக்குள் நாம் ஒளிந்திருந்த இடத்தில் வந்து சொன்னான். கீழே ரோட்டில் ஜப்பான் பட்டாளம் போய்க்கொண்டிருந்தது. அக்கா சத்தம் போடக் கூடாதென்று எல்லோரும் கையைக் காட்டினோம். அவரே முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டார். காட்டை விட்டு வெளியே வந்தபோது துக்கத்துக்கான நாள் கடந்துவிட்டிருந்தது. உடல் இல்லை, காரியம் செய்ய ஒரு பிடி அரிசி இல்லை. தாலியைக் கழற்றி வைத்துவிட்டு மறுநாள் களைவெட்டப் போனார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

வீடுகளுக்கு நெருப்பு வைத்தார்கள். சிவப்புக் கோட்டுகள் மேலே ஏறி வந்தன. இருளப்பன் ஈட்டி பட்டு உருண்டான். அன்றைக்குத்தான் சரியாக விழுந்தான். தலை கீழே, ஒரு கை ஓடைத் தண்ணீரில். நாங்கள் எரிகிற வீடுகளைப் பார்த்து மார்பில் அடித்துக்கொள்ள வேண்டும். சிப்பாய் செத்தால் பார்க்கவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். எல்லோரும் அப்படியே செய்தோம். அம்மாக்கண்ணு அக்கா மட்டும் வரிசையை விட்டு ஓடினார். இருளப்பன் தலையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு ஒப்பாரி வைத்தார்.

"மம்பட்டி தூக்கிப் போன மகராசா
உனக்கு மண்ணள்ளிப் போட எங் கையில்லையே
சிலிம் ரோட்டு ஓரத்துல சாஞ்ச சாமி
உன்னச் சேந்தழுக எனக்கு நாளில்லையே"

இன்னும் என்னென்னவோ சொல்லி அழுதார். இவ்வளவு காலம் அதெல்லாம் எங்கே இருந்ததோ! மலையே கேட்டது. இருளப்பன் எழுந்திருக்கவில்லை. செத்தவன் செத்தபடியே கிடந்தான். ஆனால் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியதை நான் பார்த்தேன். எங்களில் ஒருவராலும் அதற்குப் பிறகு வீடுகளைப் பார்க்க முடியவில்லை.

அதிகாரி நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார். வீடுகள் எரிந்துகொண்டிருக்கின்றன, மறுபடி எரிக்க முடியாது. அவர் போட்ட சத்தத்தில் செல்லம் விழித்துக்கொண்டு வீறிட்டாள். படத்துரை மட்டும் படம் பிடிக்கிற பெட்டியைச் சுற்றுகிற ஆளின் தோளில் கையை வைத்தபடி நின்றார். நிறுத்தாதே என்பதற்கா, நிறுத்து என்பதற்கா தெரியவில்லை. பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது.

அதிகாரி கையை ஓங்கிக்கொண்டு அக்காவிடம் வந்தார். சின்னையா நடுவில் ஓடி வந்து மொழிபெயர்த்தார். "பர்மாக்காரி எதுக்கு வெள்ளைக்காரன் சிப்பாய்க்கு அழுவுறன்னு கேக்குறாரு."

அக்கா மூக்கைச் சிந்திவிட்டு, உட்கார்ந்தபடியே சொன்னார்: "எவன் பட்டாளமா இருந்தா என்னங்க? பொண்டாட்டின்னு ஒருத்தி இருப்பால்ல? அவ இங்க வர முடியாதுல்ல?"

சின்னையா அதை எப்படி மாற்றிச் சொன்னாரோ தெரியாது. படத்துரை இருமிக்கொண்டே வந்து, தலையைக் குனிந்து, அதிகாரியிடம் நீளமாக ஏதோ சொன்னார். ஓங்கிய கை இறங்கியது. அதிகாரி போய்க் காரில் ஏறிக்கொண்டார். பிற்பாடு சின்னையாவைக் கேட்டேன். "தப்பா வந்தத வெட்டிட்டுப் படத்த நல்லாக்கித் தரேன்னு சொன்னாரு. அதத்தான் சுத்திச் சுத்திச் சொன்னாரு. ஆனா செத்த ஆளு அழுவுறானே, அத எப்படி வெட்டுறதுன்னுதான் ஒரே கவலை" என்றார்.

அன்று சாயங்காலம் நாங்கள் நாலு பெண்கள் அக்காவை ஓடைக்குக் கூட்டிப்போய்த் தலைமுழுக வைத்தோம். மூசா நானா பானையில் மிச்சம் இருந்த சோற்றை இலையில் கட்டி அனுப்பினார். அக்கா உடனே அதில் வாய் வைக்கவில்லை. வாசலை மெழுகி, இலை போட்டு, மாடசாமி அண்ணனுக்குப் படைத்தார். பிறகு எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு பிடி கொடுத்தார். தானும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் விடியும்வரை புரளவில்லை என்று சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குத் தெரியும்.

கைலிகளை நாங்களே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். துணி கிடைக்காமல் எல்லோரும் சாக்கைச் சுற்றிக்கொண்டிருக்கிற நாளில் அது பெரிய சம்பத்து. ஒன்றைக் கிழித்துச் செல்லத்துக்குத் தூளி கட்டிவிட்டேன்.

உங்கள் இருமலுக்கு அங்கே சுக்கு கிடைக்கிறதா? கால் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வரி எழுதினாலும் போதும்.

உங்கள்
ருக்குமணி


தாரண வருஷம், ஆடி மாதம்
ரிங்லெட்

அத்தான் அவர்களுக்கு ருக்குமணி வணங்கி எழுதுவது.

நாங்கள் எல்லோரும் சுகம். என் முந்தைய கடிதம் கைமாறிக் கைமாறிப் போனதாக நசுருதீன் சொன்னார். யார் கையில் நின்றது என்று அவருக்கும் தெரியவில்லை. உங்களிடமிருந்து பதில் இல்லை. காகிதம் கிடைத்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

செல்லம் தவழ்ந்து வாசல் வரை வந்துவிடுகிறாள். கீழே இரண்டு பல். கிழங்கை மசித்துக் கொடுத்தால் துப்புகிறாள், கீரை என்றால் இறங்குகிறது. இந்த வருஷம் கிழங்கு நன்றாக விளைந்தது. சீனத் தோட்டக்காரர்களிடம் கிழங்கைக் கொடுத்து முட்டைக்கோசு வாங்குகிறோம். காய்ச்சலில் யாரும் சாகவில்லை. இந்த லயத்தில் இப்போதைக்கு அழுகுரல் இல்லை என்பதே பெரிய பாக்கியம் என்று நினைக்கிறேன்.

அந்தப் படம் வந்தது!

தொழிற்சாலை மாடியில், இலை வாட்டுகிற கூடத்தில், ஜன்னலுக்கெல்லாம் சாக்கு அடித்து மத்தியானத்திலேயே காட்டினார்கள். சின்னையா வரவில்லை, படத்துரையும் வரவில்லை. பெட்டியைச் சுற்றுகிற ஆளும் இரண்டு சிப்பாய்களும்தான் வந்தார்கள். பேச்செல்லாம் ஜப்பான் மொழி. நமக்குப் பேச்சு எதற்கு? எல்லோரும் அவரவரைத் தேடிக்கொண்டிருந்தோம்.

எங்கள் ஆண்களின் முகம் எதுவுமே அதில் இல்லை, அத்தான். சிப்பாய்கள் என்றால் முதுகுதான். முதுகும் துப்பாக்கியும் சிவப்புக் கோட்டும். "அந்தா, அது எம் முதுகு!" என்று ஒருவன் கத்துவதும், "ஒம் முதுகு அவ்வளவு நேரா இருக்காதுடா" என்று இன்னொருவன் சொல்வதுமாக ஒரே சிரிப்பு. மெழுகு மூக்குத் தளபதி மட்டும் பெரிசு பெரிசாக வந்தார். படத்தில் மூக்கு உருகவில்லை.

சண்டை பார்க்க அழகாகத்தான் இருந்தது. குதிரை ஓடுகிறது, புகை எழும்புகிறது, பின்னால் வாத்தியம் முழங்குகிறது. சுட்டால் விழுகிறார்கள், விழுந்தவர்களைப் படம் மறந்துவிட்டு மேலே போகிறது. ஒருவர் கூட நொண்டவில்லை. ஒருவருக்கும் புண் சீழ் வைக்கவில்லை. சிலிம் சண்டைக்குப் பிறகு நம் டிஸ்பென்சரித் தரையில் வரிசையாகப் படுத்துக் கிடந்தவர்களுக்கு நீங்கள் கட்டு மாற்ற மாற்ற, நான் துணி கிழித்துக் கொடுத்தேனே, அந்த வாடை இந்தப் படத்தில் எங்கும் இல்லை. மண் வெட்டுகிற கூலிகளும் இல்லை. யாரோ ரோடு போட்டு, யாரோ குழி வெட்டித்தானே பட்டாளம் போகிறது? சண்டை முடிந்ததும் கொடி ஏறிவிட்டது, பாட்டு வந்துவிட்டது. வெள்ளைக்காரன் படம் எடுத்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும் என்று பட்டது. கொடி மட்டும் மாறியிருக்கும்.

நம் ஓலைக் கிராமம் எரிந்தது. நான் வந்தேன். கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டேன். ஆனால் வந்தேன். அங்கே உங்கள் பக்கத்தில் எங்காவது இந்தப் படத்தைக் காட்டினால் தவறாமல் பாருங்கள். எரிகிற முதல் வீட்டுக்கு இடப்பக்கம், கைலி கட்டி நிற்கிறவள் நான். கையில் துணி மூட்டைபோல இருப்பது உங்கள் மகள்.

அப்புறம் அம்மாக்கண்ணு அக்கா. அவர் முகம் திரைத்துணி முழுக்க நிறைந்து வந்தது. வாய் திறந்திருக்கிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, ஆனால் சத்தம் இல்லை. ஒப்பாரியை எடுத்துவிட்டு அங்கே ஒரு சோகமான வாத்தியத்தை வைத்திருந்தார்கள். இருளப்பனும் இல்லை. அக்காவின் மடியே தெரியாதபடி வெட்டிவிட்டார்கள். முகத்துக்கு அடுத்து எரிந்து விழுகிற ஒரு வீட்டைக் காட்டினார்கள். பார்க்கிறவர்களுக்கு, அவர் வீட்டுக்காக அழுகிறார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை விடுவித்துக்கொண்டு, இருட்டுக்குள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, சாதாரணக் குரலில் சொன்னார்: "அது வீட்டுக்கு அழுத அழுக இல்ல. எம் புருசனுக்கு அழுதது."

சிப்பாய்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்குப் புரியவில்லை. பின்னால் இருந்து இருளப்பன், "ஆமா, மாடசாமி அண்ணனுக்குத்தான். நான் மடியில கெடந்தேன்ல" என்றான். மாடசாமி, மாடசாமி என்று கூடத்தில் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். மெதுவாகத்தான் சொன்னார்கள். அதற்குள் துணியில் வேறு காட்சி வந்துவிட்டது.

வீடு திரும்பும்போது நான்தான் ஆற்றாமல் புலம்பிக்கொண்டு வந்தேன். இப்படி மாற்றிவிட்டார்களே என்றேன். அக்காவுக்கு வருத்தமே இல்லை. கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சேற்றில் வழி பார்த்து நடந்துகொண்டே சொன்னார்: "அவங்க என்னத்தையோ வச்சுக்கட்டும் ருக்கு. தாப்பாவுல காட்டுவாங்க, ஈப்போவுல காட்டுவாங்க. சிலிம்லயும் காட்டுவாங்கதானே? நான் போக முடியாத எடத்துக்கு எம் மொகமாச்சும் போவுதே."

அதற்குப் பிறகு நானும் புலம்பவில்லை. அக்கா இப்போது நன்றாக இருக்கிறார். களைவெட்டும்போது பாடுகிறார். இருளப்பன் சிப்பாய் நடை நடந்து காட்டினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். செல்லத்துக்கு என்னை விட அவர் இடுப்புதான் பிடிக்கிறது.

சயாமிலிருந்து சில பேரைத் திருப்பி அனுப்புகிறார்களாம். தாப்பா ரோடு ஸ்டேஷனில் இறங்கியவர்களை மூசா நானா பார்த்தார். அடையாளம் தெரியாதபடி மெலிந்திருந்தார்கள் என்றார். டிரசர்மார் யாராவது உண்டா என்று கேட்டாராம். அவர்கள் பேசவில்லையாம். அடுத்த முறை லாரி மலையிறங்கும்போது நானும் செல்லத்தைத் தூக்கிக்கொண்டு அவரோடு ஸ்டேஷனுக்குப் போகிறேன். எவ்வளவு மெலிந்திருந்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

முருகன் உங்கள் கூடவே இருந்து காப்பாற்றட்டும். அத்தான், எனக்கு ஒப்பாரி வராது. நம் கல்யாணத்தில் நலங்குப் பாட்டுக் கூடப் பாடத் தெரியாமல் நான் விழித்ததை நீங்களே பார்த்தீர்கள். இப்போதும் கற்றுக்கொள்ளவில்லை, கற்றுக்கொள்ளவும் மாட்டேன். அதனால் நீங்கள் எப்படியாவது வந்துவிடுங்கள்.

உங்கள்
ருக்குமணி